கன்வீனியன்ஸ் யாருக்குங்க?

பதிவு எழுதி நாளாச்சு. ஆபீசில் ஆணி அதிகம், வீட்டில் அதைவிட அதிகம். ஆனாலும் போன வாரம் இங்கே ஃப்ராங்ஃபர்ட் பக்கத்தில் ஒரு பிறந்தநாள் விருந்தில் காதில் விழுந்த பேச்சு ஒன்று உள்ளே கிடந்து குடைகிறது. கொட்டிவிட்டால்தான் தூக்கம் வரும். கொஞ்சம் நீளமான பதிவு, காபி கையில் இருந்தால் நல்லது.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிற டிக்கெட் பற்றிப் பேச்சு. நம்மாட்கள் நாலு பேர் கூடினால் வேறென்ன பேசுவோம்? அப்போது ஒருவர் சொன்னார்: "இந்த டிராவல் ஏஜெண்ட் எல்லாம் அட்டை மாதிரிங்க. நடுவுல ஒட்டிக்கிட்டு உறிஞ்சிக்கிட்டு இருந்தான். இண்டர்நெட் வந்து பிடுங்கிப் போட்டுச்சு. இப்ப நேரா கம்பெனிகிட்ட வாங்கறோம், அந்தக் காசு நமக்கு மிச்சம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு ஆடவில்லை. அந்த மிச்சக் காசு யார் பையில் இருக்கிறது?

நான் கோலார் தங்கவயல்காரன் என்பது இங்கே வந்து போகிறவர்களுக்குத் தெரியும். சாம்பியன் ரீஃப் லைன் வீட்டில் வளர்ந்தவன். 'செலவைக் குறைத்துவிட்டோம்' என்று ஒரு கம்பெனி சொன்னால், யார் தலையில் இறக்கி வைத்தாய் என்று கேட்பது எங்கள் ஊர்ப் பழக்கம். சுரங்கத்தில் பாறைத் தூசிக்குச் செலவு பண்ணாமல் மிச்சம் பிடித்தது எல்லாம் எங்கள் தாத்தாக்களின் நெஞ்சில் சிலிக்கோசிஸாகப் போய் உட்கார்ந்தது. விமான டிக்கெட் அவ்வளவு கொடுமை இல்லைதான். ஆனால் கணக்கு எழுதுகிற விதம் ஒன்றுதான்.

முதலில் விமானக் கம்பெனிக்காரன் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒருதலைப்பட்சம் என்பீர்கள்.

1953-ல் ஒரு விமானத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி. ஆர். ஸ்மித்தும் ஐபிஎம் விற்பனையாளர் ஒருவரும் (அவரும் ஸ்மித்துதான்!) பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசினார்கள். அதில் முளைத்ததுதான் சேபர் என்கிற கம்ப்யூட்டர் முன்பதிவு. 1964-ல் முழுசாக ஓட ஆரம்பித்தது. எழுபதுகளில் அதன் திரையை ஏஜெண்ட்களின் மேசைக்கே கொண்டுபோய் வைத்தார்கள். வைத்தவர்கள் தங்கள் விமானத்தை மேலேயும் போட்டிக்காரன் விமானத்தைக் கீழேயும் காட்டினார்கள். ஏஜெண்ட் மேலே இருப்பதைத்தானே விற்பார்? 1984-ல் அமெரிக்க அரசே விதி போட்டு அதைத் தடுக்க வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் 1987-ல் ஏர் பிரான்ஸ், லுஃப்தான்சா, ஐபீரியா, எஸ்ஏஎஸ் நாலு பேரும் சேர்ந்து அமாடியஸ் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். பிற்பாடு இவையெல்லாம் தனிக் கம்பெனிகளாகி, 'எங்கள் திரை வழியாக விற்கிற ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் எங்களுக்குக் காசு கட்டு' என்று விமானக் கம்பெனியிடமே கை நீட்டின. அந்தக் காசில் ஒரு பங்கு ஏஜெண்டுக்கு ஊக்கத்தொகையாகவும் போனது. பெற்ற பிள்ளைக்கு மாசாமாசம் கப்பம் கட்டுகிற நிலைமை. கம்பெனிகளுக்கு எரிச்சல் வந்ததில் தப்பே இல்லை.

ஆக ஒரு டிக்கெட்டை விற்பதற்கு மூன்று செலவு: ஏஜெண்ட் கமிஷன், இந்தத் திரைக்காரர்களின் கட்டணம், அப்புறம் காகிதம். நம்மில் பலர் மறந்திருப்பீர்கள், சிவப்புக் கார்பன் ஒட்டிய அந்தச் சின்னப் புத்தக டிக்கெட். ஒன்றை அச்சடித்துக் கையாள 10 டாலர், அதையே மின்டிக்கெட்டாகப் போட்டால் 1 டாலர் என்று ஐயாட்டாவே கணக்குச் சொன்னது. 2008 ஜூன் 1 முதல் காகித டிக்கெட்டை ஒழித்தும் விட்டார்கள். அதற்கு என் கைத்தட்டல் உண்டு. நைனா ஒருமுறை அந்தப் புத்தகத்தை ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்துத் தொலைத்துவிட்டு வீட்டையே புரட்டிப் போட்டது ஞாபகம் இருக்கிறது.

கமிஷன் கதைக்கு வருவோம். அமெரிக்காவில் 1995 பிப்ரவரியில் டெல்டா ஆரம்பித்து வைத்தது: உள்நாட்டில் போய்வர எவ்வளவு பெரிய டிக்கெட் விற்றாலும் 50 டாலருக்கு மேல் கமிஷன் கிடையாது. 2002 மார்ச்சில் அதுவும் போய், அடிப்படைக் கமிஷன் பூஜ்யம். நம் நாட்டில் ஒரு காலத்தில் 9 சதவீதம் இருந்தது. அது 7 ஆகி, 5 ஆகி, 2008 நவம்பரில் பல பன்னாட்டுக் கம்பெனிகள் பூஜ்யம் என்று அறிவித்தன. ஏஜெண்ட் சங்கங்கள் கொதித்தன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் டிக்கெட்டை விற்கமாட்டோம் என்று புறக்கணிப்பே நடந்தது.

40,000 ரூபாய் டிக்கெட்டில் 9 சதவீதம் என்றால் 3,600 ரூபாய். 5 சதவீதம் என்றால் 2,000. அது பூஜ்யம் ஆன மறுநாள் உங்கள் டிக்கெட் விலை 2,000 ரூபாய் இறங்கியதா? எனக்கு இறங்கவில்லை. ஏஜெண்ட் 'சர்வீஸ் சார்ஜ்' என்று தனியாக வாங்க ஆரம்பித்தார். கம்பெனி கொடுத்ததை இப்போது நான் கொடுக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் ஒருவரை மட்டும் விதிவிலக்காகச் சொல்லவேண்டும். நம்ம கர்நாடகாவின் கேப்டன் கோபிநாத். 2003-ல் பெங்களூரிலிருந்து ஏர் டெக்கன் ஆரம்பித்தபோது அந்தத் திரைக்காரர்கள் பக்கமே போகவில்லை. இணையதளம், கால் சென்டர், பெட்ரோல் பங்கில் கூட டிக்கெட். வீட்டு பிரிண்டரில் எடுத்த வெள்ளைத்தாள்தான் டிக்கெட். விற்கிற செலவில் மிச்சம் பிடித்ததை உண்மையாகவே விலையில் காட்டினார், ஒரு ரூபாய் டிக்கெட் வரை. (அந்த ஒரு ரூபாய் டிக்கெட்டை நேரில் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள் :-)) விமானம் நேரத்துக்குக் கிளம்பாது, சீட்டுக்கு அடிதடி, எல்லாம் உண்டு. ஆனாலும் எங்கள் லைனில் முதல்முறையாக விமானம் ஏறிய பலர் டெக்கனில் ஏறியவர்கள்தான். கம்பெனி 2008-ல் கிங்ஃபிஷரோடு கரைந்தது. அந்த யுக்தியை மட்டும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மிச்சத்தைக் கொடுக்கிற பகுதியை வசதியாக விட்டுவிட்டார்கள்.

இன்றைக்கு இந்தியக் கம்பெனி ஒன்றின் இணையதளத்தில் நீங்களே உட்கார்ந்து, உங்கள் கரண்டில், உங்கள் கம்ப்யூட்டரில், பெயர் அடித்து, பாஸ்போர்ட் எண் அடித்து, கார்டு எண் அடித்து, கடைசிப் பக்கத்துக்கு வாருங்கள். 'கன்வீனியன்ஸ் ஃபீ' என்று ஒன்று நிற்கும். ஆளுக்கு ஒன்று, போக ஒன்று, வர ஒன்று. ரத்து செய்தால் திரும்பக் கிடையாது. ஏஜெண்டுக்குக் கமிஷன் இல்லை, திரைக்காரனுக்குக் கட்டணம் இல்லை, காகிதம் இல்லை, கவுண்டரில் ஆள் இல்லை. குமாஸ்தா வேலையை நான் செய்கிறேன், அதற்கு நானே சம்பளமும் கட்டுகிறேன். கன்வீனியன்ஸ் யாருக்குங்க?

ரயில்வே மட்டும் யோக்கியமா என்பீர்கள். இல்லை. ஐஆர்சிடிசி பண மதிப்பிழப்பு சமயத்தில் 2016 நவம்பரில் இந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டு, 2019 செப்டம்பரில் திரும்ப வைத்தது. ஆனால் அங்கே ஏசி இல்லாத டிக்கெட்டுக்கு 15 ரூபாய், ஏசிக்கு 30 என்று, டிக்கெட்டுக்குத்தான் கட்டணம், தலைக்கு அல்ல. தவிர மாரிக்குப்பத்தில் ஸ்டேஷன் கவுண்டர் என்று ஒன்று இருக்கிறது. நைனா நேரில் போய் நிற்கலாம்.

இங்கே ஐரோப்பாவில் இதற்கு வேறு பெயர். 2015 செப்டம்பர் 1 முதல் லுஃப்தான்சா குழுமம், அந்தத் திரைகள் வழியாக ஏஜெண்ட் எடுக்கிற ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் 16 யூரோ கூடுதல் என்றது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2017 நவம்பரில், எமிரேட்ஸ் 2021 ஜூலையில் அதே வழிக்கு வந்தன. சண்டை விமானக் கம்பெனிக்கும் திரைக்காரனுக்கும். அபராதம் பயணிக்கு. நாலு பேர் உள்ள குடும்பம் அப்போது மூலைக்கடை ஏஜெண்டிடம் லுஃப்தான்சா டிக்கெட் எடுத்திருந்தால் 64 யூரோ அதிகம், அதே விமானம், அதே சீட்டு, அதே தயிர்சாதம் கிடைக்காத சாப்பாடு. உடனே நாம் என்ன முடிவுக்கு வருகிறோம்? 'ஏஜெண்ட் விலை ஜாஸ்தி.' விலையை ஏற்றியவன் பெயர் ரசீதில் இருக்காது.

இப்போது கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன்.

2001 பிப்ரவரி 28-ல் பாரத் கோல்டு மைன்ஸை மூடினார்கள். ஊரே ரயிலேறியது. விடிவதற்கு முன்னால் கிளம்பி பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிற கூட்டம் இன்றும் இருக்கிறது. இன்னொரு கூட்டம் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும், என்னைப்போல் கொஞ்சம் பேர் ஐரோப்பாவுக்கும் போனோம். அந்தக் காலத்தில் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பாய் டிராவல்ஸ் வைத்திருந்தார். பெயர் வேண்டாம். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், சுவரில் மெக்கா படம், பக்கத்திலேயே வேளாங்கண்ணி காலண்டர். அவரிடம் ஐயாட்டா உரிமம் எல்லாம் கிடையாது. அதற்கு வங்கி உத்தரவாதம் கட்டவேண்டும், சின்னக் கடைக்கு முடியாது. பெங்களூரில் இருக்கிற பெரிய ஏஜெண்டிடம் எடுத்துக் கொடுப்பார். கமிஷனில் பாதிக்கும் குறைவாகத்தான் அவருக்கு வந்திருக்கும்.

அந்தக் காசுக்கு அவர் செய்தது என்ன தெரியுமா? நடுராத்திரி தாண்டிக் கிளம்புகிற விமானம் என்றால் டிக்கெட்டில் 14-ம் தேதி என்று இருக்கும், ஆனால் 13-ம் தேதி ராத்திரியே வீட்டை விட்டுக் கிளம்பவேண்டும். பாய் சிவப்புப் பேனாவால் '13 ராத்திரி' என்று தமிழில் பெரிசாக எழுதி வட்டம் போட்டுத் தருவார். (எத்தனை பேர் ஒரு நாள் கழித்துப் போய் நின்றிருக்கிறார்கள் என்று விமான நிலையத்தில் கேட்டுப்பாருங்கள்.) அம்மாவுக்குச் சக்கர நாற்காலி, சைவச் சாப்பாடு, இரண்டாவது விமானம் ஏற நடக்க எவ்வளவு நேரம், எல்லாம் அவரே பார்த்துக்கொள்வார். தேவனஹள்ளி விமான நிலையம் 2008-ல் திறந்த பிறகு தங்கவயலிலிருந்து கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். எத்தனை மணிக்குக் கார் எடுக்கவேண்டும் என்பதும் அவர் கணக்கில்தான். கார்க்காரரும் அவர் சொன்ன ஆள்தான். விமானம் தாமதம் என்றால் இங்கே எனக்குப் போன் வரும்: "தம்பி, அம்மா மூணு மணி நேரம் லேட். பயப்படாதீங்க, நம்ம டிரைவர் கூட இருக்கான்."

விமானக் கம்பெனியின் கணக்கில் இந்த மனிதருக்குப் பெயர் 'விநியோகச் செலவு'. வெட்டிவிட்டார்கள். பாய் இப்போது கடையில் மொபைல் கவர் விற்கிறார். டிக்கெட் கேட்டால் எடுத்துத் தருவார், ஆனால் பிழைப்பு அதில் இல்லை.

அவர் செய்த வேலை எல்லாம் எங்கே போயிற்று? நமக்கு வந்தது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வாட்ஸாப்பில் ஊருக்குப் போன் போட்டு, "அம்மா, அந்த மெசேஜ்ல ஆறு நம்பர் வந்திருக்கும் பாருங்க, படிங்க" என்று கெஞ்சுகிறோமே, அதுதான் பாய் வேலை. நமக்குச் சம்பளம் இல்லை. திறமையும் இல்லை.

என் சித்தப்பா மகன் டூசல்டார்ஃபில் இருக்கிறான். 2023-ல் சித்தியை வரவழைக்க ஏதோ ஒரு வெளிநாட்டு இணையதளத்தில் 38 யூரோ குறைவாக இருக்கிறதென்று டிக்கெட் எடுத்தான். கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது முதல் விமானத்தின் நேரம் மாறியது. இரண்டாவதைப் பிடிக்கவே முடியாது. கம்பெனிக்குப் போன் செய்தால் 'டிக்கெட் விற்றவரைக் கேளுங்கள்'. விற்றவர் யார்? ஒரு சாட் பெட்டி. அது 'கம்பெனியைக் கேளுங்கள்' என்றது. இப்படியே பந்து உருண்டு, கடைசியில் சித்தி ஒரு வளைகுடா விமான நிலையத்தில் ஒன்பது மணி நேரம், பையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு. அவருக்குத் தமிழும் கன்னடமும் மட்டும்தான் வரும். புது டிக்கெட் எடுத்துத்தான் ஏற்றினார்கள். 38 யூரோ மிச்சம்!

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. ஏஜெண்ட் வழியாக எடுத்த டிக்கெட்டுக்கும் பணம் திருப்பித் தரும் பொறுப்பு விமானக் கம்பெனியுடையதே, ஏனென்றால் ஏஜெண்ட் கம்பெனி நியமித்த பிரதிநிதி என்று இந்தியாவின் டிஜிசிஏ விதி சொல்கிறது. கொரோனா ஊரடங்கில் ரத்தான டிக்கெட் வழக்கில் 2020 அக்டோபர் 1-ல் உச்ச நீதிமன்றம் பணத்தைத் திருப்பித்தர உத்தரவிட்டது. ஏஜெண்ட் வழியாக வாங்கியிருந்தால் அவர் வழியாகவே பயணிக்குப் போய்ச் சேரவேண்டும் என்றும் சொன்னது. ஆக பணம் வாங்கும்போது ஏஜெண்ட் தேவையில்லை, பதில் சொல்லும்போது மட்டும் 'ஏஜெண்டைக் கேளு' என்பது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்று, இது நம்மாட்களுக்கே உரிய தலைவலி. பெயர். நைனாவின் பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர். சர்நேம் கட்டம் காலி. நமக்கு எது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு ஆயுசையே ஓட்டிவிட்ட ஜாதி நாம். இணையதளமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் நகராது. ஒரு கம்பெனி அதே பெயரை இரண்டு முறை அடி என்கிறது, இன்னொன்று வேறு மாதிரி சொல்கிறது. தப்பாக அடித்தால் ஏற்றமாட்டார்கள், திருத்தக் காசு. 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருகிறவர்களை ஏற்கமாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது, அந்தச் செய்தி சுற்றறிக்கையாக முதலில் போனது ஏஜெண்ட்களுக்குத்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று விளக்கம் பின்னால்தான் வந்தது. பாய் மாதிரி ஆட்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். இணையதளத்துக்கு நம் பெயர் ஒரு பிழைச் செய்தி.

ஏஜெண்ட் எல்லாம் உத்தமர் என்று நான் சொல்லவில்லை. எந்தத் திரையில் ஊக்கத்தொகை அதிகமோ அந்தப் பக்கம் சாய்ந்தவர்கள் உண்டு. ஐந்து மணி நேரத்தில் போகவேண்டியவரை பதினாறு மணி நேரம் சுற்றவிட்டவர்கள் உண்டு. ரத்தான பணத்தை வைத்துக்கொண்டு போனை எடுக்காதவர்கள் உண்டு. ரசீதில் எவ்வளவு டிக்கெட், எவ்வளவு தன் கூலி என்று எழுதாமல் மொத்தமாக ஒரு எண்ணைச் சொல்கிறவரிடம் நானும் வாங்கமாட்டேன்.

ஆனால் கூலியைத் தனியாக எழுதிக் கொடுக்கிறவருக்கு அதைக் கொடுக்க முகம் சுளிக்காதீர்கள். நான் இங்கே வாங்குவது ஓர் ஈழத்தமிழ் அண்ணனின் கடையில். டிக்கெட் விலை ஒரு வரி, அவருடைய கட்டணம் ஒரு வரி. நேரம் மாறினால் அவர்தான் எனக்குப் போன் செய்கிறார், நான் அவருக்கு இல்லை. இதற்குப் பெயர்தான் கன்வீனியன்ஸ், இதற்கு ஃபீ கேட்டால் கொடுக்கலாம்.

கம்பெனிகளிடம் கேட்பதும் பெரிய விஷயம் இல்லை. உன் சொந்தக் கடைக்கு வந்து நானே எடுத்துக்கொண்டால் அதற்குக் கட்டணம் போடாதே. பெயர்க் கட்டத்தில் 'ஒரே பெயர்' என்று ஒரு பொத்தான் வை. உன் டிக்கெட்டை யாரிடம் வாங்கியிருந்தாலும், விமான நேரத்தை மாற்றியது நீயாக இருந்தால், மாற்று வழி சொல்லவேண்டியதும் நீதான். 'நேராக வாங்குகிறோம்' என்று பெருமைப்படுகிற நாமும் ஒரு மின்னஞ்சலாவது எழுதிக் கேட்கலாம். நான் ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன், வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.

அப்புறம் இந்த டிசம்பரில் பெற்றோரை வரவழைக்கிறவர்களுக்கு: பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் என்றால் பணம் கட்டுவதற்கு முன்னால் கம்பெனிக்கு எழுதிக் கேட்டு, வருகிற பதிலை அச்செடுத்து பாஸ்போர்ட்டோடு வைத்துவிடுங்கள். நடுராத்திரி விமானம் என்றால், சிவப்புப் பேனா.